பாப்பிரெட்டிப்பட்டியை ஒரு பட்டனுக்குள் அடைப்பது எப்படி?

வெப்சைட்டில் தமிழ் எழுத்து: வாசகர் கேள்வி – பதில்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 1998-இல் டிடிபி கடை போட்டவள் நான். கல்யாணப் பத்திரிகை, பில் புக், மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ், அப்புறம் ஃப்ளெக்ஸ், இப்போது வெப்சைட். சரக்குதான் மாறியது. எழுத்தோடு மல்லுக்கட்டுவது அப்படியேதான் இருக்கிறது. போன இதழில் "இணையத்தில் தமிழ் எழுத்து பற்றிக் கேளுங்கள்" என்று நாலு வரி போட்டிருந்தார்கள். வந்த கடிதங்களில் பாதி, "எந்த ஃபாண்ட் அழகு?" என்ற ஒரே கேள்வி. பதில் கீழே உண்டு. ஆனால் அரூர் தம்பியின் பிரச்சினைதான் எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

அக்கா, எங்கள் பக்கத்து பஸ் நேரம் பார்க்க ஒரு வெப்சைட் செய்கிறேன். ஆங்கிலத்தில் போட்டபோது ஊர்ப்பெயர் பட்டன்கள் ஒரே அளவில் அம்சமாக இருந்தன. தமிழுக்கு மாற்றியதும் பாதிப் பெயர் பட்டனை விட்டு வெளியே போகிறது. எழுத்தைச் சின்னதாக்கினால் படிக்க முடியவில்லை. ஃபாண்டை மாற்றினால் சரியாகுமா?
– கல்லூரி மாணவர், அரூர்

ஆகாது தம்பி. ஃபாண்ட் மேல் குற்றமில்லை. ஆங்கிலப் பெயருக்கு அளவெடுத்துத் தைத்த பட்டன் அது. உங்கள் ஊர் மூன்றெழுத்தில் முடிந்துவிடுகிறது. பாப்பிரெட்டிப்பட்டியை விரல் விட்டு எண்ணிப் பார்: பா, ப், பி, ரெ, ட், டி, ப், ப, ட், டி. பத்து. அதிலும் ப, ட எல்லாம் காலை அகட்டி உட்காருகிற எழுத்துகள். ரெ-வுக்கு முன்னால் ஒரு கொம்பு வேறு. தேன்கனிக்கோட்டை எட்டெழுத்துதான், ஆனால் கோ-வுக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்பதால் அகலத்தில் அதுவும் சளைத்ததில்லை.

பட்டனின் அகலத்தை இத்தனை பிக்சல் என்று கட்டிப்போடுவதை முதலில் விடு. உயரத்தையும் கட்டாதே. உள்ளே நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு, 'குறைந்தது இவ்வளவு' என்று மட்டும் சொல்லிவிட்டால் பெயருக்குத் தக்கபடி விரியும். தேவைப்பட்டால் இரண்டு வரியாகும். ஆகட்டுமே. தகர போர்டு எழுதிய காலத்துப் பெயிண்டர்கள் நீளமான ஊர்ப்பெயரை இரண்டு அடுக்காகத்தான் எழுதினார்கள். யாரும் பஸ்ஸைத் தவறவிடவில்லை.

எங்கே உடைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'இடமில்லாவிட்டால் எங்கு வேண்டுமானாலும் உடை' என்று உலாவியிடம் (பிரவுசரிடம்) விட்டால், 'பாப்பிரெட்டிப்பட்' என்று ஒரு வரியும் 'டி' என்று அடுத்த வரியும் போட்டு மானத்தை வாங்கும். இதற்கென்றே டபிள்யூபிஆர் (<wbr>) என்று ஒரு குட்டி டேக் இருக்கிறது. 'பாப்பிரெட்டிப்' முடிந்ததும் அதை வை. இடம் போதுமானால் அது இருப்பதே தெரியாது. போதாவிட்டால் சரியாக அங்கே உடைந்து 'பட்டி' கீழே இறங்கும். அதே மாதிரி தேன்கனிக்–கோட்டை, வேப்பனப்–பள்ளி, காவேரிப்–பட்டணம். முப்பது ஊர் இருந்தாலும் அரை மணி நேர வேலைதான்.

பஸ் நேரத்துக்கு இன்னொன்று. பல ஃபாண்டுகளில் 1 ஒல்லி, 8 குண்டு. அதனால் 5.10-க்குக் கீழே 8.45 வந்தால் புள்ளிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்காது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் ஃபாண்ட்-வேரியன்ட்-நியூமெரிக் என்ற இடத்தில் டேபுலர்-நம்ஸ் என்று போட்டால் எல்லா எண்ணும் ஒரே அகலத்துக்கு வந்துவிடும். ஃபாண்டில் அந்த வசதி இருக்க வேண்டும், எல்லாவற்றிலும் இல்லை. போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்.

வெப்சைட் செய்து கொடுத்தவர் கம்ப்யூட்டரில் தலைப்பெல்லாம் உருண்டையாக, அழகாக இருந்தது. என் போனில் சாதாரண எழுத்தாக வருகிறது. உள்பக்கங்களில் வேறு கூத்து: முதலில் வெறும் வெள்ளை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுத்து. கேட்டால் "நெட் ஸ்லோ" என்கிறார்.
– மாங்கன்றுப் பண்ணை வைத்திருப்பவர், சந்தூர்

இரண்டும் தனித்தனி நோய். முதலாவதில் நெட்டுக்குச் சம்பந்தமே இல்லை. அவர் தலைப்புக்கு ஃபாண்டின் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார், ஃபாண்டை அனுப்பவில்லை. அவர் கம்ப்யூட்டரில் அது ஏற்கெனவே இருப்பதால் வந்துவிட்டது. உங்கள் போனில் இல்லை. அப்போது போன் தன் கையில் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்ளும். பழைய விண்டோஸ் என்றால் லதா, விண்டோஸ் 8-க்குப் பிறகு நிர்மலா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம் எம்என். விருந்துக்குப் பத்திரிகை அனுப்பிவிட்டுச் சமையல்காரரை அனுப்பாத கதை.

ஃபாண்டையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் வழி புதிதல்ல. 1997-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 வந்தபோதே இருந்தது, அடுத்த ஆண்டு சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பில் 'ஃபாண்ட்-ஃபேஸ்' என்று எழுதியும் வைத்தார்கள். உலாவிகள் எல்லாம் ஒத்துப்போகத்தான் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது வாஃப்2 என்ற சுருக்கிய வடிவம் எல்லா இடத்திலும் ஓடுகிறது. அந்தக் கோப்பை உங்கள் தளத்திலேயே வைத்து, ஃபாண்ட்-ஃபேஸில் அதன் முகவரியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

உள்பக்கங்களில் ஃபாண்டை அனுப்பியிருக்கிறார், அது வந்து சேரும்வரை என்ன செய்வது என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் உலாவி மூன்று நொடி வரை எழுத்தை மறைத்து வைத்துக் காத்திருக்கும். அதுதான் நீங்கள் பார்க்கிற வெள்ளை. ஃபாண்ட்-டிஸ்ப்ளே என்பதில் ஸ்வாப் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். போனில் இருக்கிற எழுத்தில் உடனே காட்டிவிட்டு, நம் ஃபாண்ட் வந்ததும் மாற்றிக்கொள்ளும். மாறும்போது வரிகள் ஒரு குதி குதிக்கும். மாங்கன்று வாங்க வருகிறவர் அதைப் பொறுத்துக்கொள்வார், வெள்ளைத் திரையைப் பொறுக்க மாட்டார்.

"கூகுளிலிருந்து நேராக எடுத்தால் வேகம், வேறு தளத்தில் ஏற்கெனவே இறங்கிய ஃபாண்ட் இங்கேயும் உதவும்" என்று அவர் சொல்லக்கூடும். அது பழைய கதை. 2020-இலிருந்து குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிப் பெட்டியில் சேமிக்கிறது. பக்கத்து வீட்டில் இறங்கியது நம் வீட்டுக்கு உதவாது. ஜெர்மனியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று 2022 ஜனவரியில், கூகுளிலிருந்து ஃபாண்ட் எடுத்ததால் பார்வையாளரின் ஐபி முகவரி அங்கே போய்விட்டது என்று சொல்லித் தளத்துக்காரரை 100 யூரோ கொடுக்க வைத்தது. சந்தூருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் கோப்பு நம் வீட்டில் இருப்பது நல்லது.

கோப்பைச் சின்னதாக்குகிறேன் என்று நான் ஒருமுறை பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தேவையில்லாத எழுத்துகளை ஃபாண்டிலிருந்து வெட்டி எடுக்கும் கருவிகள் உண்டு. ஒரு மாம்பழக் கடை வெப்சைட்டில் உள்ள சொற்களை மட்டும் பார்த்து, அவற்றில் இருக்கிற எழுத்துகளை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்தேன். அல்போன்ஸா இருந்ததால் ஸ தப்பித்தது. செந்தூரா, நீலம், பெங்களூரா, மல்லிகா... எதிலும் ஷ இல்லை. கழித்தாயிற்று. மறுவாரம் கடைக்காரர் அவரே உள்ளே போய் அடியில் முகவரி சேர்த்தார். கிருஷ்ணகிரி என்பதில் ஷ் மட்டும் வேறு ஃபாண்டில், ஒரு சுற்றுப் பெரிதாக, மற்ற எழுத்தெல்லாம் நம் ஃபாண்டில். மாப்பிள்ளை ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ரப்பர் செருப்பும் போட்டு மேடையேறிய மாதிரி. நான் கவனிக்கவே இல்லை. கடைக்காரர் மகள்தான் கேட்டாள், "அத்தை, நம்ம ஊர் பேர் ஏன் நொண்டுது?" என்று. அன்றிலிருந்து தமிழ் எழுத்து ஒன்றைக்கூட நான் கழிப்பதில்லை. é மாதிரி தலையில் குறி வைத்த ஐரோப்பிய எழுத்துகள், கிரேக்கம், ரஷ்யன் இருந்தால் மட்டும் வெட்டுகிறேன். தமிழ் முழுதாக இருந்தாலும் வாஃப்2 கோப்பு பெரும்பாலும் உங்கள் மாங்கன்றுப் படம் ஒன்றைவிடச் சின்னதுதான்.

என் கம்ப்யூட்டரில் பேஜ்மேக்கரில் அடித்த பழைய கோப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. காப்பி செய்து வெப்சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. அந்தப் பழைய ஃபாண்டையே வெப்சைட்டில் ஏற்றிவிடலாமா?
– அச்சகத்தார், தர்மபுரி

ஏற்றலாம், பார்க்க நன்றாகவும் இருக்கும். அதுதான் ஆபத்து. நீங்கள் அடித்தது பாமினி என்ற பழைய ஃபாண்டில் என்று வைத்துக்கொள்வோம். 'தமிழ்' என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டியிருக்கிறது. முகமூடியை இணையத்திலும் மாட்டலாம். ஆனால் 'தமிழ்' என்று தேடுகிறவருக்கு அது ஒருநாளும் கிடைக்காது. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஜேகேபிஓ. கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் ஜேகேபிஓ என்றுதான் வாசிக்கும்.

நம் வயதுக்காரர்களுக்கு இது புரியும். ஒரு தினசரி படிக்க ஒரு ஃபாண்ட், இன்னொன்றுக்கு இன்னொன்று என்று இறக்கிக்கொண்டு திரிந்தோமே. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று இரண்டு பொது எழுத்துக் குறியீட்டுத் தரங்கள் வந்தன. கொஞ்சம் ஒழுங்கு வந்தது, முகமூடி போகவில்லை. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் உலகப் பொதுத் தரமான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே 128 இடம் ஒதுக்கியிருந்தார்கள். தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். நானும் அதுவரை அலட்சியமாகத்தான் இருந்தேன், அச்சுக்கு அது சரியாக வராது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு.

பழைய ஃபாண்டில் அடித்ததை யூனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் கண்ணால் ஒருமுறை ஓட்டுங்கள். ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு எழுத்துகளிலும், ஸ்ரீ, க்ஷ-விலும், ஆங்கிலமும் தமிழும் கலந்த வரிகளிலும் பிழை ஒளிந்திருக்கும். போன் நம்பர் தப்பியதா என்றும் பாருங்கள்.

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் ஒரு இணையதளம் அமைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் படிக்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கண் வலிக்கிறது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. சொற்களுக்கு நடுவே ஆறு ஓடுகிறது. வயதாகிவிட்டது எனக்கு மட்டும்தானா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பென்னாகரம்

ஐயா, உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. அனுப்பிய முகவரியைத் திறந்து பார்த்தேன். வரி உயரம் ஆங்கிலக் கணக்கில் இருக்கிறது.

ஆங்கிலச் சிற்றெழுத்தில் மேலேயும் கீழேயும் நீட்டிக்கொண்டிருப்பவை சிலதான். நம்மிடம் கி, கீ-யின் கொக்கி மேலே வளைகிறது, புள்ளி தலைக்கு மேல் நிற்கிறது, கு, மு, ழு, ளு, கூ எல்லாம் கீழே வாலை விடுகின்றன. உங்கள் தளத்தில் 'எழுதுகோலும்' என்ற சொல்லுக்கு நேர் கீழே 'கிளைகளில்' வந்திருக்கிறது. ழு-வின் வால் கி-யின் கொக்கியில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். ஆடுகள் கொம்பு பின்னிக்கொண்ட மாதிரி. லைன்-ஹைட் என்ற இடத்தில் 1.3 என்று இருப்பதை 1.7 ஆக்கச் சொல்லுங்கள். சில ஃபாண்டுக்கு 1.6 போதும், சிலதுக்கு 1.8 வேண்டும். தலைப்புகளுக்குக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் ஆங்கிலத் தலைப்புக்குப் போடுகிற 1.1 நமக்கு ஆகவே ஆகாது.

அந்த ஆறு, இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று ஜஸ்டிஃபை செய்ததால் வந்தது. நம் சொற்கள் நீளம். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒரு சொல் அடுத்த வரிக்கு இறங்கினால், மேல் வரியில் மிஞ்சுகிற மூன்று சொல்லை இழுத்து இழுத்து ஓரம் வரை நிரப்புகிறது. அச்சில் இதைச் சமாளிக்க நமக்கு வழி இருந்தது. சொல்லை எங்கே முறிப்பது என்று கம்பாசிட்டருக்குத் தெரியும், வரியின் தொடக்கத்தில் ஒற்றெழுத்து வரக்கூடாது என்பது அவர்களுக்கு மனப்பாடம். உலாவி அதைத் தானாகச் செய்யாது. இடது ஓரம் மட்டும் நேராக விட்டுவிடுவதே போன் திரைக்கு நல்லது. வலது ஓரம் கோணல்மாணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது.

கம்ப்யூட்டரில் பார்க்கும்போது வரி திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகிறது. அடுத்த வரியின் தலையைத் தேடியே கண் சோர்ந்துவிடும். வரிக்கு ஏழெட்டுச் சொல்லோடு நிறுத்தச் சொல்லுங்கள். எழுத்தளவு 16 பிக்சல் என்று உலாவி தருவதை அப்படியே விட்டிருக்கிறார்கள். 18 வையுங்கள். பழைய மாணவர்களுக்கும் இப்போது ஐம்பது வயது இருக்கும்.

'லெட்டர்-ஸ்பேசிங்' என்று ஏதாவது இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஆங்கிலத் தலைப்பில் எழுத்தைத் தள்ளித் தள்ளி வைப்பது ஒரு நாகரிகம். தமிழில் வைத்தால் எது எந்தச் சொல்லின் எழுத்து என்றே தெரியாது.

எங்கள் பூக்கடைக்கு ஓசூர், பெங்களூர் இரண்டு பக்கமும் ஆர்டர் வருகிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒரே பக்கம் வேண்டும். மூன்றும் மூன்று கடைக்காரர் எழுதிய போர்டு மாதிரி இருக்கிறது.
– ரோஜா வியாபாரி, ஓசூர்

ஓசூர்க்காரருக்கு ஒரு நல்ல செய்தி. இதற்கென்றே ஒரே குடும்பத்தில் பிறந்த ஃபாண்டுகள் இருக்கின்றன. மும்பையில் ஏக் டைப் என்ற குழு செய்த 'பாலு' குடும்பத்தில் தமிழுக்குப் பாலு தம்பி, கன்னடத்துக்குப் பாலு தம்மா, தெலுங்குக்குப் பாலு தம்முடு. மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றேதான். பெயர் வைத்தவர் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் நின்றிருப்பாரோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஆனால் பாலு குண்டு எழுத்து. கடைப்பெயருக்கும் விலைக்கும் சரி, நீளமாகப் படிக்க வேண்டிய இடத்துக்கு வேண்டாம். அதற்கு அவர்களுடைய அனெக் இருக்கிறது. பத்து எழுத்துமுறைகளில், ஒரே கையால் எழுதியது போல. தடிமனை மட்டுமல்ல, அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம், அதனால் அரூர் தம்பியும் இதைப் பார்க்கலாம்.

மூன்று கோப்பு ஏற்றினால் பாரமாகுமே என்று பயப்படாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் யூனிகோட்-ரேஞ்ச் எழுதிவிட்டால், பக்கத்தில் கன்னட எழுத்து இருந்தால்தான் கன்னடக் கோப்பு இறங்கும். மூன்று மொழியையும் ஒரே திரையில் கொட்டாமல் மேலே மூன்று பட்டன் வையுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இது எந்த மொழி என்று லாங் (lang) குறிப்பையும் சேர்த்துவிடுங்கள்.

அக்கா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எந்த ஃபாண்ட்?
– கல்லூரி மாணவி, ஊத்தங்கரை

சரி கண்ணு, சொல்கிறேன். நீளமாகப் படிக்க முக்தா மலர். ராகிக் களி மாதிரி, அலட்டல் இல்லை, தினமும் சாப்பிடலாம். பட்டன், படிவம், சின்ன எழுத்து என்றால் ஹிந்த் மதுரை. புத்தக வாசனை வேண்டுமானால் நோட்டோ செரிஃப் தமிழ், இல்லாவிட்டால் டிரோ தமிழ். தாரிக் அஜீஸ் செய்த கவிவனார் சாய்ந்த கையெழுத்து. கவிதைத் தலைப்புக்கு அழகு, ரேஷன் கார்டு விண்ணப்பத்துக்கு அழகில்லை. பிரியா ரவிச்சந்திரன் செய்த கேட்டமரன், நம் கட்டுமரம்தான், ஒன்பது தடிமனில் வருகிறது. எல்லாரும் ஆசைப்பட்டு எடுப்பது அதில் மிக ஒல்லியானதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில் பதினோரு மணி வெயிலில் அதைப் போனில் திறந்து பார்த்தேன். எழுத்து இருந்த இடத்தில் என் முகம்தான் தெரிந்தது.

இவை எல்லாமே கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், திறந்த உரிமத்தில் உள்ளவை, வியாபாரத் தளத்திலும் போடலாம். சினிமா போஸ்டர் ஃபாண்ட் எங்கேயோ இலவசமாகக் கிடைத்தது என்று எடுத்துவராதே. டிடிபி காலத்தில் நாங்கள் எல்லாரும் ஃப்ளாப்பியில் கைமாற்றிக்கொண்டவர்கள்தான், பெருமையாகச் சொல்லவில்லை. கடைக்குள் அடித்ததை யாரும் பார்க்கவில்லை. வெப்சைட்டில் வைத்தால் கோப்பே ஊருக்குத் தெரியும்.

தேர்ந்தெடுக்கும்போது ஃபாண்ட் பக்கத்தில் அவர்கள் காட்டுகிற மாதிரி வாக்கியத்தைப் பார்த்து மயங்காதே. உன் சொற்களை அடித்துப் பார். நான் அடிப்பது: கிருஷ்ணகிரி, ஒகேனக்கல், பாப்பிரெட்டிப்பட்டி, ஸ்ரீ, ₹1,250. ன-வும் ண-வும் சின்ன அளவில் குழம்புகிறதா, ஒ-வும் ஓ-வும் பிரிகிறதா, புள்ளி தெரிகிறதா. பார்ப்பது உன் லேப்டாப்பில் அல்ல, உங்கள் பாட்டியின் போனில்.

போல்டு போட்டால் எழுத்து அப்பிக்கொள்கிறது. ஏன்?
– ஜெராக்ஸ் கடை, காரிமங்கலம்

அந்த ஃபாண்டில் போல்டே இல்லை. மீரா இனிமை, கவிவனார் இரண்டும் ஒரே தடிமன்தான். நீங்கள் போல்டு கேட்டால் உலாவி அதே எழுத்தை ஓரத்தில் ஊதிப் பெரிதாக்கித் தரும், ண-வின் சுழிக்குள் மை நிரம்பிவிடும். சாய்வும் அப்படித்தான், எழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும். போல்டு உள்ள குடும்பமாக எடுங்கள். அழுத்திச் சொல்ல நிறமோ அளவோ போதும்.

தினசரி தக்காளி விலை போடுகிறேன். ரூபாய்க் குறி மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. பழைய போன் வைத்திருக்கும் விவசாயிகளுக்குக் கட்டமாகத் தெரிகிறதாம்.
– மண்டிக்காரர், பாலக்கோடு

ரூபாய்க் குறியை அரசு ஏற்றது 2010 ஜூலை 15-இல். வடிவமைத்த உதயகுமார் தமிழர், தமிழ் எழுத்து வடிவத்திலேயே ஆராய்ச்சி செய்தவர். அதற்கு முன் செய்த ஃபாண்டுகளில் அந்தக் குறி எப்படி இருக்கும்? உலாவி வேறு ஃபாண்டிலிருந்து கடன் வாங்குகிறது. அதுதான் ஒட்டவில்லை. கடன் கொடுக்கவும் ஆள் இல்லாத போனில் கட்டம். குறி உள்ள ஃபாண்டாக எடுத்து அதை அனுப்பினால் தீர்ந்தது. இல்லையா, 'ரூ.' என்று போடுங்கள். காலங்காலமாக மண்டிச் சீட்டில் அப்படித்தானே எழுதினோம்.

விலையைச் சாம்பல் நிறத்தில் போட்டிருக்கிறீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் விதி. விவசாயி பார்ப்பது வயலில் நின்று. கறுப்பில் போடுங்கள்.

தர்மபுரி அருங்காட்சியகத்திலும் சுற்றுப்பக்கத்திலும் உள்ள நடுகற்களைப் பற்றி மாணவர்களோடு ஒரு தளம் செய்கிறேன். கல்லில் உள்ள வட்டெழுத்தை அப்படியே எழுத்தாகக் காட்ட ஃபாண்ட் உண்டா?
– வரலாற்று ஆசிரியை, தர்மபுரி

வட்டெழுத்துக்கும் முந்தைய தமிழ்ப் பிராமிக்கு இருக்கிறது டீச்சர். யூனிகோடில் 2010-இல் பிராமி சேர்ந்தது, தமிழ்ப் பிராமிக்கு மட்டும் தேவையான சில எழுத்துகளை 2021-இல் சேர்த்தார்கள், நோட்டோவில் பிராமி ஃபாண்டும் உண்டு. வட்டெழுத்துக்கு யூனிகோடில் தனி இடம் இன்னும் இல்லை. வட்டெழுத்து ஃபாண்ட் என்று யாராவது கொடுத்தால் அதற்குள் இருப்பது அச்சகத்தாருக்குச் சொன்ன அதே முகமூடிதான்.

அதனால் கல்லின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். பக்கத்திலேயே, கல்லில் எங்கே வரி உடைகிறதோ அங்கேயே உடைத்து, இன்றைய தமிழில் எழுத்தாக அடியுங்கள். அது தேடினால் கிடைக்கும், காப்பி செய்யலாம். கண் தெரியாதவருக்கு மென்பொருள் வாசித்துக் காட்டுகிற, படத்தின் மாற்று உரையில் "நடுகல் படம்" என்று மட்டும் போடாமல் வீரன் கையில் என்ன இருக்கிறது, காலடியில் மாடா நாயா என்று எழுதுங்கள். கல்லில் புள்ளி இல்லாத இடத்தில் நீங்கள் புள்ளி வைத்துப் படித்திருந்தால் அந்த எழுத்தை வேறு நிறத்தில் காட்டுங்கள். வெளியில் நிற்கிற கற்களை உச்சி வெயிலில் படம் எடுக்காதீர்கள், எழுத்து தட்டையாகிவிடும். காலை ஏழு மணிக்குப் போனால் வெளிச்சம் பக்கவாட்டில் விழும், கீறல் ஒவ்வொன்றுக்கும் நிழல் வரும். பிள்ளைகளை அந்த நேரத்துக்கு எழுப்புவது உங்கள் பாடு.